கீற்றுக்கோட்டுக்குள் 244 ஆம்பியர்

பாங் கில்-தே இறந்த பன்னிரண்டாம் நாள் மின்சுற்றுக் கணக்கு வாரியத்திலிருந்து அறிக்கை வந்தது. அறிக்கையின்படி எல்லாம் சரியாக இருந்தது.

அவர் வேலை பார்த்த முலாம் பூசும் ஆலையின் மூன்றாம் பேனலுக்கும் நான்காம் பேனலுக்கும் வந்து சேர்ந்த மின்சாரத்தைக் கூட்டினால் 480 ஆம்பியர். இரண்டிலிருந்தும் வெளியே போனதைக் கூட்டினாலும் அதே 480. ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. ஆகவே மின்சாரத்தின் மேல் குற்றமில்லை, கம்பியின் மேல் குற்றமில்லை, தொழிற்சாலையின் மேலும் குற்றமில்லை. மீதி இருந்தவர் பாங் கில்-தே ஒருவர்தான். "இறப்புக்குக் காரணம்: இறந்தவரின் கவனக்குறைவு" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதன் மேல் சிவப்பு முத்திரை.

ஹ்வாசோக் தொழிற்பேட்டையில் கவனக்குறைவால் இறந்தவர்களுக்கென்று ஒரு மரியாதை உண்டு. அவர்களுடைய படத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் சிவப்புக் கோடு போட்டு, பேட்டையின் அறுபத்தொரு தொழிற்சாலை வாசல்களிலும் ஓர் ஆண்டுக்கு மாட்டி வைப்பார்கள். "இவர் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள்" என்று தலைப்பில் எழுதியிருக்கும். கில்-தேயின் படத்தை அடையாள அட்டையிலிருந்து எடுத்திருந்தார்கள். அட்டைக்குப் படம் பிடித்தபோது அவர் கண்ணைப் பாதி மூடியிருந்தார். பார்க்கிறவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவர் மனைவி சோக் மி-ரானுக்குப் பேட்டையின் பொதுக் கேன்டீனில் சமையல் வேலை. பஸ் நிறுத்தத்திலிருந்து கேன்டீனுக்குப் போகிற வழியில் ஐந்து வாசல்கள். காலையில் ஐந்து கில்-தே, மாலையில் ஐந்து கில்-தே, எல்லாரும் அரைக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள்.

முலாம் பூசும் ஆலையில் மின் பிரிவு போர்மேனாக இருந்த மா சோங்-சிக், கில்-தேயோடு பத்தொன்பது வருடம் ஒரே கருவிப்பெட்டியைப் பகிர்ந்துகொண்டவர். மதியம் தட்டை நீட்டியபோது மி-ரான் கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

"போர்மேன் ஐயா, நீங்களே சொல்லுங்க. அவரு கவனமில்லாத ஆளா?"

"தாசோல் அம்மா, அவன் கேஸ் அடுப்பை அணைச்சோமான்னு பார்க்க பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போற ஆளு. எனக்குத் தெரியாதா?" பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அவர் அவளை அழைப்பார்.

"வாரத்துக்கு ரெண்டு தடவ போவாரு. அதுக்கு நான் திட்டின திட்டு கொஞ்ச நஞ்சமில்ல." அவள் சூப்பை ஊற்றினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த ஒரு வார்த்தைய எடுக்கச் சொல்லுங்க. எடுத்தா படத்தை இறக்கிருவாங்களாம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சோங்-சிக் அன்று மாலையே கணக்கைப் போட்டார். கணக்கு கடினமானதல்ல. இதைப் படிப்பவர்களும் போடலாம்.

கம்பிகள் கூடுமிடத்துக்குக் கணு என்று பெயர். ஒரு கணுவுக்குள் எவ்வளவு மின்சாரம் வருகிறதோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். இரண்டு கணுக்களுக்கு நடுவே நேராக ஒரு பேட்டரி உட்கார்ந்துவிட்டால்தான் தொல்லை. பேட்டரி தன் வோல்ட்டைச் சொல்லும். தன் வழியாக எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. அதனால் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு கணுவையும் பேட்டரியையும் சேர்த்து, விட்டுவிட்டு வரும் கீற்றுக்கோட்டால் ஒரு வட்டம் போட்டு, மொத்தத்தையும் ஒரே பெருங்கணு என்று வைத்துக்கொள்வார்கள். வட்டத்துக்குள் வருவதும் வட்டத்திலிருந்து போவதும் சமம் என்றால் முடிந்தது. உள்ளே ஓடுவதைப் பற்றிக் கேட்காமலே இரு பக்கத்து வோல்ட்டும் கிடைத்துவிடும். நல்ல உத்திதான். அதில் யாருக்கும் குறை கிடையாது.

ஆனால் வோல்ட் கிடைத்த பிறகு வட்டத்துக்குள் திரும்பி வந்து ஒரே ஒரு கழித்தல் போட வேண்டும். மூன்றாம் பேனலுக்கு வந்தது 420 ஆம்பியர். அங்கேயே செலவானது 176. மீதி 244 ஆம்பியரும் நடுவிலிருந்த பேட்டரி வழியாகத்தான் நான்காம் பேனலுக்குப் போயிருக்க வேண்டும். பேட்டரியைப் பேனல்களோடு இணைக்கும் கேபிள் தாங்கக்கூடியது 90.

இந்தக் கழித்தலுக்கு வாரியத்தின் விடைத்தாளில் கட்டம் கிடையாது. இடப்பக்கத்து வோல்ட்டுக்கு ஒரு கட்டம், வலப்பக்கத்து வோல்ட்டுக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். கட்டம் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத கணக்கை அந்த மாகாணத்தில் முப்பது வருடமாக ஒருவரும் போட்டதில்லை. பேனல்களை வடிவமைத்தவரும் போடவில்லை, சரிபார்த்துக் கையெழுத்திட்டவரும் போடவில்லை. "கேபிள் குழி சுடுகிறது" என்று கில்-தே நான்கு முறை எழுதிக் கொடுத்தார். நான்கு முறையும் "இரு பேனல்களும் சரியாக உள்ளன" என்று பதில் வந்தது. பதில் உண்மையானதுதான். ஐந்தாம் முறை எழுதுவதற்கு முன் தொட்டுப் பார்த்துவிடலாம் என்று டார்ச்சோடு குழிக்குள் இறங்கினார். இரண்டு பேனலுக்கும் நடுவே அங்கிருந்த பேட்டரி வெடித்தது.

சோங்-சிக் கணக்கை ஒரு தாளிலும் மனுவை இரண்டு தாளிலும் தெளிவாக எழுதி, அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மாகாணத் தலைநகருக்குப் போனார்.

வாரியக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மூன்றாம் ஜன்னல், நான்காம் ஜன்னல் என்று இரண்டு ஜன்னல்கள் இருந்தன. இரண்டையும் வளைத்துச் சுவரில் மஞ்சள் பெயின்டால் கீற்றுக்கோடு போட்டிருந்தார்கள். மூன்றாம் ஜன்னலில் யோ சுன்-ஹா என்ற பெண் அதிகாரி இரண்டு கையாலும் மனுவை வாங்கி, குனிந்து வணங்கி, தாள்களை எண்ணினாள்.

"மூணு தாள். சரிங்க ஐயா. நான்காம் ஜன்னல்ல பதில் வரும், அங்க போய் நில்லுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"அது உள் விஷயம்ங்க."

"யாரு படிப்பாங்க?"

"அதுவும் உள் விஷயம்தான். இங்க மூணு தாள் போனா அங்க மூணு தாள் வரும். இந்தக் கட்டடம் கட்டின நாள்லேருந்து ஒரு தாள்கூடத் தவறினதில்ல." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது.

சோங்-சிக் இயந்திரத்தில் காசு போட்டு, காகிதக் கோப்பையில் மூன்று காப்பி குடித்து முடித்தபின் நான்காம் ஜன்னல் திறந்தது. உள்ளேயிருந்து மூன்று தாள்கள் வந்தன. மூன்றும் வெற்றுத்தாள்கள். அவருடைய தாள்கள்கூட இல்லை.

அவர் மூன்றாம் ஜன்னலுக்குத் திரும்பி ஓடினார். "என்னம்மா இது? ஒண்ணுமே எழுதல!"

யோ சுன்-ஹா எண்ணிப் பார்த்தாள். "மூணு இருக்குங்களே."

"நான் எழுதிக் கொடுத்தது எங்க?"

"ஐயா, நீங்க கொடுத்தது தாள். உங்களுக்கு வந்தது தாள். தாள்ல என்ன இருந்துச்சுன்னு பார்த்தா நாங்க வட்டத்துக்குள்ள கை விட்ட மாதிரி ஆயிடும்." பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பொல்லாத பெண் அல்ல அவள். "உங்க அறிக்கையைப் போட்ட விசாரணை அதிகாரி ரெண்டாம் மாடியில இருக்காரு. தரையில அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் பிடிச்சுப் போங்க."

இரண்டாம் மாடியில் அம்புக்குறிகள் இருந்தன. சோங்-சிக் வெளிச்செருப்பைக் கழற்றி அலுவலகச் செருப்பை மாட்டிக்கொண்டு அவற்றின் பின்னால் நடந்தார். அவை தாழ்வாரத்தின் இடப்பக்கம் போய், கழிவறையைத் தாண்டி, படிக்கட்டைச் சுற்றி, வலப்பக்கம் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டு வந்து விட்டன. இன்னொரு முறையும் நடந்தார். இரண்டாம் சுற்றில்தான் தாழ்வாரத்துக்கு நடுவே குறுக்குச் சந்து ஒன்று இருப்பதும், அதற்குள் ஒரு கதவு இருப்பதும், அம்புக்குறிகள் அந்தச் சந்தை மட்டும் தொடாமல் போவதும் கண்ணில் பட்டன. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. கதவில் கைப்பிடி இல்லை.

எதிரே தேநீர்த் தட்டோடு வந்த ஊழியரை நிறுத்தினார். "அந்த ரூம்ல யாரு இருக்காங்க?"

"தெரியாதுங்க. நாங்க சுத்தித்தான் போவோம்."

"ஏன் சுத்திப் போறீங்க?"

"பெருங்கண்ணி முறை படிச்சிருப்பீங்களே. ரெண்டு சுற்றுக்குப் பொதுவா ஒரு கிளை இருந்து, அதுல இருக்கறவன் எவ்வளவு அழுத்தம் கொடுப்பான்னு தெரியலன்னா அந்தக் கிளையைத் தொடாம வெளிச்சுத்தாவே போயிடணும். கணக்கு சரியா வரும்." அவர் தட்டை இன்னொரு கைக்கு மாற்றினார். "சாப்பாடு மட்டும் கதவுக்கடியில தள்ளுவோம்."

சோங்-சிக் அந்தக் கதவைத் தட்டவில்லை. தட்டியிருக்கலாம் என்று பின்னாளில் பல தடவை நினைத்துக்கொண்டார்.

மறு வாரம் அவருக்கு ஓர் ஆணை வந்தது. மனுவோடு இணைத்த கணக்கில் வட்டத்துக்குள் ஓடும் மின்சாரத்துக்கு அவர் ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டியிருக்கிறார். அந்த எழுத்துக்கு வாரியத்தின் அங்கீகாரம் இல்லை. ஆகவே அவர் ஐந்து நாள் மறுபயிற்சியில் கலந்துகொண்டு தேர்வு எழுத வேண்டும். தேறாதவர்களின் மனு விசாரிக்கப்படாது, தேறாதவர்களின் போர்மேன் அட்டையும் செல்லாது. மனுவை யாரும் படிக்கவில்லை என்று நினைத்திருந்த சோங்-சிக்குக்கு அந்த வகையில் ஒரு சிறு ஆறுதல்.

பயிற்சி வகுப்பில் நரைத்த தலைகளாக இருபத்தாறு மின் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு நாளும் கீற்றுக்கோடு போடுவதற்கே சரியாகப் போயிற்று. ஒரு கீற்று நான்கு மில்லிமீட்டர், இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். கோடு தொடங்கிய கீற்றிலேயே வந்து முடிய வேண்டும், இடைவெளியில் முடிந்தால் பூஜ்யம். பிளாஸ்டிக் அச்சை வைத்து எல்லாரும் நீள்வட்டம் வரைந்தார்கள்.

பக்கத்து இருக்கையிலிருந்த சிமென்ட் ஆலைக்காரர் சோங்-சிக்கின் தாளை எட்டிப் பார்த்தார். "அண்ணே, என்ன இது, பரங்கிக்காயா?"

"வட்டம்."

"கிம்பாப்புக்குச் சோத்தைச் சுருட்டற மாதிரி கையை ஒரே ஓட்டமா ஓட்டுங்க. எனக்கு இது மூணாவது தடவ. போன தடவ பதில் சரி, இடைவெளி ஒரு மில்லி கூடிப்போச்சுன்னு தூக்கிட்டானுங்க."

"உங்க ஆலையில உள்ள எவ்வளவு ஓடுதுன்னு பார்த்திருக்கீங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அச்சை நகர்த்தினார். "வாயை மூடிட்டு வரைங்கண்ணே. எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு."

நான்காம் நாள் வாரியத் தலைவர் நாம்குங் உரை நிகழ்த்த வந்தார். வெள்ளைத் தலை, வெள்ளைக் கையுறை, சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற மாதிரி மென்மையான குரல்.

"நண்பர்களே, உங்களில் சிலருக்கு ஒரு வியாதி இருக்கிறது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கிற வியாதி. எனக்கு அது வந்ததே கிடையாது. முப்பத்தொரு வருஷம் இந்த வாரியத்தில் இருக்கிறேன், ஒரு வட்டத்துக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். என் தாயாரும் என் மனைவியும் ஒரே வீட்டில் இருபது வருஷம் இருந்தார்கள். இரண்டு பேரையும் வளைத்து நான் மனதில் ஒரு கோடு போட்டுவிட்டேன். என் சம்பளம் உள்ளே போகும், எனக்குச் சாப்பாடு வெளியே வரும். நடுவில் இரண்டு பேருக்குள் என்ன ஓடியது என்று நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் என் தாயார் கிணற்றில் கிடந்தார்கள். அன்றைக்கும் சாப்பாடு வந்தது."

அவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

"கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நான் எத்தனை எழுத்துகளை வைத்துக்கொண்டு எத்தனை சமன்பாடு எழுதியிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். எளிமைதான் கணக்கின் அழகு."

வகுப்பு கைதட்டியது. சிமென்ட் ஆலைக்காரர் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினார்.

ஐந்தாம் நாள் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கேள்வியிலிருந்த சுற்றுப் படத்தைச் சோங்-சிக் உடனே அடையாளம் கண்டுகொண்டார். இடப்பக்கம் 420, வலப்பக்கம் 60, நடுவில் 24 வோல்ட் பேட்டரி. அவருடைய ஆலையின் மூன்றாம் பேனலும் நான்காம் பேனலும். இரண்டு கட்டங்கள். 244 என்று எழுதினால் தேற முடியாது. தேறாவிட்டால் மனு கிடையாது. மனு இல்லையென்றால் படங்கள் இறங்காது. ஆகவே அச்சை வைத்துக் கீற்றுக்கோடு போட்டார். கில்-தே இறங்கிய குழியின் மேல் அந்தக் கோடு ஓடியது. 176 வோல்ட் என்று ஒரு கட்டத்தில் எழுதினார், 152 வோல்ட் என்று மற்றதில் எழுதினார். நூற்றுக்கு நூறு வாங்கினார். கோட்டின் நேர்த்திக்காகத் தனியாக ஒரு பாராட்டுக் குறிப்பும் கிடைத்தது.

விசாரணை நாள் கில்-தே இறந்த நாற்பத்தொன்பதாம் நாளாக அமைந்துவிட்டது. காலையில் கோயிலில் இறந்தவரை வழியனுப்பும் சடங்கை முடித்துக்கொண்டு, தலையில் குத்திய வெள்ளைத் துக்க நாடாவை எடுக்காமலே மி-ரான் வந்திருந்தாள். நீண்ட மேஜைக்குப் பின்னால் வாரிய உறுப்பினர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாம்குங்.

"மனுதாரருக்கு முதலில் வாழ்த்து," என்றார் நாம்குங். "இதே சுற்றை, உள்ளே ஓடும் மின்சாரம் தேவைப்படாமலே அவர் மிக அழகாகத் தீர்த்திருக்கிறார். விடைத்தாள் கோப்பில் இருக்கிறது. ஆகவே அந்த மின்சாரம் தேவையில்லை என்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டதாக வாரியம் எடுத்துக்கொள்கிறது."

சோங்-சிக் எழுந்தார். "ஐயா, அப்படி எழுதலன்னா என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டீங்க."

"அதனால்தான் எழுதினீர்களா? அது உங்கள் உள் விஷயம். நாங்கள் கேட்க மாட்டோம்."

"244 சரியா தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

"சரிதான்," என்றார் நாம்குங். "அதில் யாருக்கும் சண்டை இல்லையே. எங்களுக்கு மூன்றாம் நாளே தெரியும். எங்கள் விசாரணை அதிகாரி ஆர்வக் கோளாறில் கழித்துப் பார்த்துவிட்டார். நல்ல பிள்ளை. இப்போது அவருக்கு ஒரு தனி அறை கொடுத்திருக்கிறோம்."

சோங்-சிக்குக்குக் கைப்பிடியில்லாத கதவு கண்முன் வந்து போனது. அவர் உட்கார்ந்துவிட்டார். மி-ரான் எழுந்தாள்.

"ஐயா, எனக்குக் கணக்கு வராது. அந்தக் கேபிள் எத்தனை தாங்கும்?"

"தொண்ணூறு, அம்மா."

"அதுல இருநூத்தி நாப்பத்திநாலு ஓடினா என்ன ஆகும்?"

உறுப்பினர்கள் தேர்வுக் கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்தார்கள். மேஜையின் கடைசியில் இருந்தவர், "கேள்வித்தாளில் அது இல்லை," என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

"அவரு நாலு தடவ எழுதிக் கொடுத்தாரே, குழி சுடுதுன்னு."

"சூடு என்பதும் உள்ளேதான் இருந்தது, அம்மா," என்றார் நாம்குங். "ஆனால் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. 'கவனக்குறைவு' என்ற சொல் உங்களை எவ்வளவு வருத்துகிறது என்று எங்களுக்குப் புரிகிறது. யோசித்துப் பார்த்ததில் நாங்களே முறையை முழுதாகப் பின்பற்றவில்லை என்று தெரிந்தது. உங்கள் கணவர் இறந்தபோது வட்டத்துக்குள் இருந்தார். வட்டத்துக்குள் இருந்த ஒருவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்று சொல்ல வாரியத்துக்கு அதிகாரமே கிடையாது. அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறோம். படங்கள் நாளைக்கே இறங்கிவிடும்."

மி-ரான் சோங்-சிக்கைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏழு வாரமாக இல்லாத ஏதோ ஒன்று ஒரு கணம் தெரிந்தது. யோ சுன்-ஹா திருத்திய அறிக்கையை இரண்டு கையாலும் கொண்டுவந்து அவள் முன் வைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அதற்கு மேலே நான்கு வரிகள்.

உள்ளே போனவர்: 1.

வெளியே வந்தவர்: 1.

வேறுபாடு: 0.

ஆகவே நிகழ்வு எதுவும் நடக்கவில்லை.

மி-ரான் இரண்டு முறை படித்தாள்.

"வெளிய வந்தாரா?"

"வந்தார், அம்மா. ஸ்ட்ரெச்சரில் வந்தார். சமன்பாட்டில் ஸ்ட்ரெச்சருக்குத் தனிக் குறியீடு கிடையாது."

"உள்ள போனப்ப எழுபத்திரண்டு கிலோ இருந்தாரு. எங்கிட்ட கடைசில கொடுத்தது ஒரு சாம்பல் ஜாடி. ரெண்டு கிலோ இருக்கும்."

"எடைக்கணக்கு வேறு துறை," என்றார் கடைசியில் இருந்தவர்.

"கையெழுத்துப் போட்டுடுங்கம்மா," என்று நாம்குங் குனிந்து மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கும் நல்லது. ஆலையின் விபத்தில்லா நாள் பலகையில் இன்றைக்கு 1,512 என்று இருக்கிறது. அதற்கும் பங்கம் வராது. எல்லாருக்கும் சமமாக வருகிற தீர்வு தினமும் கிடைக்காது."

மி-ரான் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு, பேனாவை யோ சுன்-ஹாவிடமே நீட்டினாள்.

"படம் இருக்கட்டும்."

"என்னம்மா?"

"எடுக்க வேணாம். அதை எடுத்துட்டா அவரு சாகவே இல்லன்னு ஆயிடும்." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "கவனமில்லாத ஆளாவே இருந்துட்டுப் போறாரு. செத்துப்போன ஆளு ஒருத்தரு இருந்தாருன்னாவது தெரியும்ல."

நாம்குங் திருத்திய அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுத்தரைப் பார்த்து, "மனு உள்ளே வந்தது ஒன்று, திரும்பப் பெறப்பட்டது ஒன்று," என்றார்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். இறங்கும்போது சோங்-சிக் தலையைக் குனிந்துகொண்டு, "என்னை மன்னிச்சிரு, தாசோல் அம்மா. நானும் அந்தக் கோட்டைப் போட்டுட்டு வந்தவன்தான்," என்றார்.

"தெரியும். நல்லா போட்டீங்கன்னு சொன்னாங்களே," என்றாள் அவள். அதில் கேலி எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை வேலைக்குப் போகிற வழியில் மி-ரான் முதல் வாசலில் நின்றாள். கேன்டீனில் கிம்ச்சி ஊறுகாய் டப்பாக்களில் தேதி போடும் தடித்த மார்க்கரை வெளியே எடுத்து, படத்துக்குக் கீழே சுவரில் எழுதினாள். 244. அதற்குக் கீழே: கேபிள் 90.

காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, எச்சரிக்கைப் படத்துல எழுதக் கூடாது."

"படத்துல எழுதல. சிவப்புக் கோட்டுக்கு வெளிய எழுதறேன்."

காவலாளி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே எழுதுவதற்கு மட்டும்தான் தண்டனை சொல்லியிருந்தது. அவர் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அறுபத்தொரு வாசலுக்கும் அவளுக்கு நான்கு நாள் ஆனது.

பார்த்துவிட்டுப் போனவர்களில் பலருக்கு அந்த எண்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மின் பணியாளர்கள் நின்று பார்த்தார்கள். கடந்து போனவர்கள் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார்கள். அந்த வாரம் தொழிற்பேட்டையின் மின்சாமான் கடையில் கம்பியைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர்கள் தீர்ந்துபோயின. கடைக்காரர் காரணம் கேட்டபோது எல்லாரும் வீட்டு வேலைக்கு என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த காலையில், சோங்-சிக் ஆலைக்குப் போகிற வழியில் சிமென்ட் ஆலையின் வாசலைக் கடந்தார். கில்-தே அரைக்கண்ணோடு தொங்கிக்கொண்டிருந்தார். 244-க்குக் கீழே வேறு யாரோ நீலப் பேனாவால் எழுதியிருந்தார்கள்: 187. கேபிள் 70. பெயர் இல்லை.

எழுதியவர் யாராக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. பொண்ணு கல்யாணம் இன்னும் முடிந்திருக்காது.

ஷிப்ட் சங்கு ஊதியது. குடைகளை மடக்கிக்கொண்டு, அட்டையைக் காட்டிவிட்டு ஆட்கள் உள்ளே போகத் தொடங்கினார்கள். சோங்-சிக் தன் வேலைக்கு நேரமாவதை மறந்து, வாசலோரமாய் மழையில் நின்று உள்ளே போனவர்களை ஒவ்வொருவராக எண்ணினார்.

நாற்பத்தொரு பேர்.